புகை கண்டவர் தீயைக் கண்டவரா?

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் நடுவே வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர் என்று மூன்று நிலையங்கள். இந்தச் சின்னத் தூரத்துக்குள் உடம்பைப் பற்றிய மூன்று வேண்டுதல்கள் அடங்கிவிடுகின்றன. நெஞ்சு நோய் உள்ளவர்கள் திருநின்றவூர் இருதயாலீசுவரரைத் தேடிப் போகிறார்கள். பிள்ளை வரம் கேட்பவர்கள், நிறைமாதக் கோலத்தில் மல்லாந்து படுத்திருக்கும் புட்லூர் அம்மனிடம் போகிறார்கள். தோல் வியாதி, தீராத வியாதி என்றால் அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். அந்தப் பெருமாளை வைத்திய வீரராகவர் என்றே அழைக்கிறார்கள். அதே தண்டவாளத்தில் எதிர்த்திசை வண்டி ஏறினால் சென்ட்ரல். சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. செவ்வாப்பேட்டைக்காரர் தேவைக்கு ஏற்ப இரண்டு பக்கமும் டிக்கெட் எடுக்கிறவர்தான். கோயிலும் ஆஸ்பத்திரியும் அவருக்குள் சண்டை போடுவதில்லை. சண்டை போடுவது பெரும்பாலும் எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும்தான். அந்தச் சண்டைக்குப் புதிதாக ஒரு பொருள் கிடைத்திருக்கிறது. புற்றுநோய் அறுவையின்போது சாயம் கொடுத்து, தனி வகை விளக்கடித்து, நோயுள்ள திசுவை ஒளிரச் செய்து வெட்டும் முறை அது. ‘கண்ணுக்குத் தெரியாதது உண்டு என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று ஒரு கட்சி. ‘தெரியாதது என்று இனி எதுவும் இல்லை, எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்’ என்று மறு கட்சி. இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள் என்பது என் கருத்து. ஒளிர்வதைப் பார்ப்பதை நோயைப் பார்ப்பதாக இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். நடப்பது பார்வை வேடத்தில் வரும் ஓர் ஊகம். வேடம் கச்சிதமாகப் பொருந்தியிருப்பதால்தான் அதில் ஆபத்தும் இருக்கிறது.

முதலில் நடப்பதை நெருங்கிப் பார்த்துவிடலாம். மூளையில் வரும் கிளையோமா வகைக் கட்டிக்குத் தெளிவான ஓரம் கிடையாது. வேர் விட்டதுபோல நல்ல திசுவுக்குள் இறங்கியிருக்கும். வெள்ளை வெளிச்சத்தில் அதன் விளிம்பும் நல்ல மூளையும் ஏறக்குறைய ஒரே நிறம். நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பு அமினோலெவுலினிக் அமிலம் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமை உருவாக்க உடம்பே பயன்படுத்தும் மூலப்பொருள் அது. வேகமாக வளரும் கட்டியின் செல்கள் அதைப் பாதிவழி மாற்றி, போர்ஃபிரின் என்ற பொருளாகத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. மண்டையோட்டைத் திறந்தபின் தியேட்டர் விளக்குகளை அணைத்து, நுண்ணோக்கியில் ஊதா கலந்த நீல ஒளியைப் போட்டால் நல்ல மூளை நீலமாக மங்கிக் கிடக்க, கட்டி செங்கல் சிவப்பில் ஒளிர்கிறது. விளிம்புக்கு வரும்போது சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகிறது. ஜெர்மனியில் வால்டர் ஷ்டும்மர் தலைமையில் நடந்த சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. 322 நோயாளிகள். ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதையும் எடுக்க முடிந்தது ஒளிர்வு முறையில் 65 சதவீதம் பேருக்கு, வெள்ளை வெளிச்சத்தில் 36 சதவீதம் பேருக்கு. ஆறு மாதம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ஒளிர்வு முறையில் 41 சதவீதம், வெள்ளை வெளிச்சத்தில் 21 சதவீதம். மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதை அளக்கும் விதமாக அந்தச் சோதனை திட்டமிடப்படவும் இல்லை. எண்ணம் ஒன்றும் புதிதல்ல. ஃபுளோரசின் என்ற சாயத்தை அடால்ஃப் ஃபான் பேயர் 1871இலேயே தயாரித்துவிட்டார்; அமெரிக்காவில் ஜார்ஜ் மூர் அதைக் கொண்டு 1948இல் மூளைக் கட்டிகளைத் தேடினார். கல்லீரல் வேலை செய்வதை அளக்க 1959இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இண்டோசயனின் பச்சை, இன்று நிணநீர்க் கணு தேடுவது முதல் குடலில் இரத்த ஓட்டம் பார்ப்பது வரை எங்கும் பயன்படுகிறது.

இதில் அறுவை மருத்துவர் எதைக் காண்கிறார்? அறிவு எப்படி வருகிறது என்று கேட்ட நம் ஊர்த் தத்துவவாதிகள் இந்தக் கேள்வியை லேசில் விட்டவர்கள் அல்ல. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிறர் எத்தனை அளவைகளை எண்ணினாலும் அவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று நிறுவுகிறார். கண்முன் இருப்பதை அறிவது காட்சி. ஒன்றைக் கொண்டு அதோடு நீங்காத் தொடர்புடைய மற்றொன்றை அறிவது கருதல். மலையில் புகை கண்டு தீயை அறிவது எல்லோரும் சொல்லும் உதாரணம். தக்கவர் சொல்லி அறிவது உரை. இந்த அளவுகோலில் வைத்தால் சிவப்பு ஒளிர்வு எங்கே நிற்கும்? மருத்துவர் கண்ணால் காண்பது போர்ஃபிரின் வெளியிடும் ஒளி. ‘போர்ஃபிரின் தேங்கியிருக்கிறது, தேங்கும் இடம் பெரும்பாலும் கட்டி, ஆகவே இது கட்டி’ என்ற மூன்று படிகளை அவர் ஒரே நொடியில் ஏறிவிடுகிறார். அது கருதல். இண்டோசயனின் பச்சையில் படிகள் இன்னும் கூடுதல். அது வெளியிடும் ஒளி சுமார் 830 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது; மனிதக் கண்ணுக்கு அது எட்டாது. கேமரா அதைப் பிடித்து, எத்தனை வலுவான சமிக்ஞையைக் காட்டலாம் என்று ஒரு வரம்பு வைத்து, மானிட்டரில் பச்சை வண்ணம் பூசித் தருகிறது. வரம்பைத் தாழ்த்தினால் பச்சை பரவும், உயர்த்தினால் சுருங்கும். திரையில் உள்ள பச்சை உடம்புக்குள் எங்கும் இல்லை. புகையைக் கண்டவர் புகையையாவது கண்டார். இங்கே புகைக்கும் ஒரு சித்திரம்தான் கிடைக்கிறது.

நியாய மரபினர் இந்த உதாரணத்தை இன்னொரு படி கொண்டுபோனார்கள். புகை உள்ள இடத்தில் தீ இருக்கும், சரி. தீ உள்ள இடத்தில் எல்லாம் புகை இருக்குமா? உலையில் பழுத்த இரும்புக் குண்டில் தீ உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. அந்த மறைந்த நிபந்தனையை உபாதி என்று பெயரிட்டு, அது இருக்கும் இடத்தில் அனுமானம் செல்லாது என்றார்கள். மெதுவாக வளரும் கீழ்நிலைக் கிளையோமாக்கள் பெரும்பாலும் அமினோலெவுலினிக் அமிலத்துக்கு ஒளிர்வதில்லை. அங்கே நோய் பழுத்த இரும்பாக இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: அழற்சி உள்ள திசுவும், முன்பு கதிர்வீச்சு வாங்கிய திசுவும் சில நேரம் ஒளிர்கின்றன. விலை, கிடைப்பது இரண்டையும் பார்த்து இந்தியாவில் பல நரம்பு அறுவை மருத்துவர்கள் நாடும் ஃபுளோரசினோ புற்றுசெல்லைத் தேடிப் போவதே இல்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு எங்கே பழுதாகியிருக்கிறதோ அங்கே கசிந்து நிற்கிறது. பழுதுக்குக் கட்டி ஒரு காரணம். கத்தி பட்டதே இன்னொரு காரணமாக இருக்கலாம். சூலகப் புற்றுக்காக, ஃபோலேட்டைப் பிடித்துக்கொள்ளும் செல்களைத் தேடிப் போகும்படி செய்த பாஃபோலாசியனின் என்ற சாயத்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சோதனையில் கணக்கில் எடுத்த 134 பெண்களில் 36 பேருக்குக் கண்ணும் கையும் தவறவிட்ட கட்டி ஒன்றாவது அதில் அகப்பட்டது. அது சிறிய நன்மை அல்ல. அதே சோதனையில் புற்றே இல்லாத இடங்களும் ஒளிர்ந்தன. நன்மையையும் பிழையையும் ஒரே ஒளிதான் கொண்டுவந்தது; பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே நிறம்.

‘இது வெறும் வார்த்தைச் சிலம்பம். மூக்குக்கண்ணாடி போட்டவன் பார்ப்பதும் ஊகமா? நுண்ணோக்கியில் கிருமியைப் பார்ப்பதும் ஊகமா? எல்லாப் பார்வையிலும் கருவி இருக்கிறது, மூளையின் கணக்கு இருக்கிறது. இதை மட்டும் தனியாக நிறுத்துவானேன்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இது: கண்ணாடி இருக்கும் பொருளைத் தெளிவாக்குகிறது, நுண்ணோக்கி அதைப் பெரிதாக்குகிறது. சாயம் கொடுக்கும் ஒளிர்வு முறையில் பொருளுக்குள் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டு, சேர்த்தது எங்கே போய்த் தங்கியது என்று பார்க்கிறோம். வார்ப்பும் ஃபோர்ஜிங்கும் நடக்கும் தொழிற்பேட்டைகளில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் அவர்களைப் போன்றவர்கள் உண்டு. உலோகப் பாகத்தின்மேல் ஒளிரும் பெனட்ரன்ட் திரவத்தைப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே உள்ளதைக் கழுவித் துடைத்து, டெவலப்பர் பொடி தூவி, இருட்டு அறையில் பிளாக் லைட் அடிப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த திரவம் மேலே கசிந்து மஞ்சள் பச்சையாக ஒளிரும். அந்த அறைக்குள் நுழைந்தவுடன் பார்க்கக் கூடாது, கண் இருட்டுக்குப் பழகியபின் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. அதைவிட முக்கியமான விதி: ஒளிர்ந்ததை ‘டிஃபெக்ட்’ என்று எழுதக் கூடாது, ‘இண்டிகேஷன்’ என்றுதான் எழுத வேண்டும். சரியாகக் கழுவாத மூலை ஒளிரும், கைரேகை ஒளிரும், மரையின் பள்ளம் ஒளிரும். துடைத்து, மறுபடி சோதித்து, அளந்த பிறகே அது குறையா இல்லையா என்ற தீர்ப்பு. இரும்புக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை மனித மூளைக்கும் நாக்குக்கும் கொடுக்கச் சொல்வது வார்த்தைச் சிலம்பம் ஆகாது.

ஒளிர்வை நம்பிக் கெடுவது ஒரு பிழை என்றால் ஒளிர்வை அலட்சியம் செய்வதும் பிழைதான். அதற்குத் தமிழர் கைபட்ட பெரிய உதாரணமே இருக்கிறது. கல்கத்தாவில் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் 1923இல் கே. ஆர். இராமநாதன் தண்ணீரில் ஒளிச்சிதறலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்று கூடவே வந்தது. ‘பலவீனமான ஃபுளோரசன்ஸ், திரவத்தில் உள்ள அசுத்தத்தால் வருவது’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தும் அது போகவில்லை. பிறகு இராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் பல திரவங்களில் அதைத் தேடினார்கள். சாதாரண ஒளிர்வில் இருக்காத அளவு முனைவாக்கம் அதில் இருந்தது. 1928 பிப்ரவரி 28இல் அது அசுத்தம் அல்ல, புதிய வகைச் சிதறல் என்று உறுதியானது. ஐந்து வருடம் அந்த ஒளி எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. காட்சியில் ஒரு குறையும் இல்லை. அது எதன் அடையாளம் என்ற கருதலில்தான் குறை. சுத்தம் செய்து பார்ப்பது, வேறு திரவத்தில் பார்ப்பது, வேறு குணத்தை அளப்பது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கருதலைத் திருத்தின. இன்னும் கூர்ந்து உற்றுப் பார்த்திருந்தால் திருந்தியிருக்காது.

‘நோயாளி பிழைத்தால் போதும், அது காட்சியா கருதலா என்று பட்டிமன்றம் எதற்கு?’ என்பது அடுத்த மறுப்பு. பலன் பேசட்டும் என்கிற இந்த மறுப்புக்கு வாய்ப்புற்று வலுவான பதில் வைத்திருக்கிறது. வெற்றிலை, புகையிலை, பான் மசாலா பழக்கத்தால் தமிழ்நாட்டில் அடிக்கடி காணும் புற்று இது. வாயின் உட்தோலில் நீல ஒளி அடித்தால், சாயம் எதுவும் கொடுக்காமலே ஆரோக்கியமான திசு இளம் பச்சையாக ஒளிரும். நோய்ப்பட்ட இடம் ஒளி இழந்து கருத்துத் தெரியும். (மூளையில் ஒளிர்வது நோய், வாயில் ஒளிராதது நோய்! ஒளிக்கும் நன்மைக்கும் இயல்பாகவே உறவு இருப்பதாக நினைக்கும் நம் பக்தி மனத்துக்கு இது நல்ல பாடம்.) திசுவின் இந்த இயற்கை ஒளிர்வை சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் கணேசன், அருணா ஆகியோரின் குழு 1990களிலேயே ஆராய்ந்தது. ஆம்ஸ்டர் என்ற சிற்றெலியின் கன்னப் பையில் இரசாயனத்தால் புற்று உண்டாக்கி, திசு படிப்படியாக மாறும்போது ஒளிர்வும் எப்படி மாறுகிறது என்று அளந்த அவர்களின் கட்டுரை 1998இல் வெளியானது. இதே தத்துவத்தை அறுவைக்குக் கொண்டுபோனது கனடாவின் வான்கூவர் குழு. கருத்துத் தெரியும் எல்லையைப் பார்த்து விளிம்பு குறித்து வெட்டியதில், மூன்று வருடத்தில் அதே இடத்தில் புற்று திரும்பியவர்கள் 40.6 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைந்ததாக 2016இல் அறிவித்தார்கள். இந்த எண்ணைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் ஆதாரம் எதற்கு என்றே தோன்றியிருக்கும். ஆனால் அது பழைய கேஸ் தாள்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு. யாருக்கு விளக்கு அடிப்பது என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கனடாவின் பல மருத்துவமனைகளில் நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோலப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒளிர்வு பார்த்தும் பாதிப் பேருக்கு வெள்ளை வெளிச்சத்திலும் அறுவை செய்து பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. பலன் தானாகப் பேசாது. சந்தேகப்பட்டுக் கேட்டால்தான் பேசும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. மூளையில் அதே விதமான சோதனை ஒளிர்வுக்குச் சாதகமாக முடிந்தது, வாயில் முடியவில்லை. ஒளி நல்லதா கெட்டதா என்ற பொதுக் கேள்விக்கு அதனால்தான் விடை கிடையாது.

இங்கே சைவ சித்தாந்தம் ஒரு கூர்மையான கருவியைத் தருகிறது. உமாபதி சிவம் திருவருட்பயனில் இருளையும் ஆணவ மலத்தையும் ஒப்பிட்டுப் பேசுகிறார். இருள் மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளும். இருட்டில் நிற்பவனுக்குத் தான் இருட்டில் நிற்பது தெரியும். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. சமயச் சொற்பொழிவுகளில் இதை அகங்காரத்தைப் பற்றிய உபதேசமாகச் சுருக்கிவிடுகிறார்கள். அறியாமை இரண்டு வகை என்ற அறிவுத் தத்துவமாகவே இதைப் படிக்கலாம். வெள்ளை வெளிச்சத்தில் கட்டியின் விளிம்பைத் தேடும் மருத்துவர் முதல் வகையில் இருக்கிறார்: தனக்கு விளிம்பு தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தொட்டுப் பார்க்கிறார், துணுக்கு எடுத்து, உறைய வைத்துச் சோதிக்கும் ஃப்ரோசன் பரிசோதனைக்கு அனுப்புகிறார், பேத்தாலஜி மருத்துவர் போனில் சொல்லும்வரை கையைக் கட்டி நிற்கிறார். ஒளிரும் திரையின் முன் நிற்பவருக்கு இரண்டாவது வகை வாய்க்கக்கூடும். ஒளிராத இடத்தில் நோய் இல்லை என்று திரை சொல்வதுபோலத் தோன்றும். அது அப்படிச் சொல்லவில்லை என்பது தோன்றாது. அறியாமை பிரகாசத்தை உடுத்திக்கொண்டு வந்தால் அதை அறியாமை என்று யார் சந்தேகிப்பார்கள்? நல்ல அறுவை மருத்துவர்கள் ஒளிர்வு இருந்தும் விளிம்புத் துணுக்கை அனுப்புவதை நிறுத்தாமல் இருப்பது இதனால்தான். அருணந்தியின் மூன்று அளவைகளும் அந்த அறையில் கூடுகின்றன: கண்ணும் விரலும் தரும் காட்சி, ஒளிர்வு தரும் கருதல், பரிசோதனைக்கூடத்திலிருந்து வரும் உரை. ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றொன்று பிடித்துக்கொள்கிறது.

இனி பக்தரின் பக்கம். கருவிகளை இறைவனின் நெற்றிக்கண்ணோடு ஒப்பிடும் பேச்சு ஆஸ்பத்திரித் திறப்பு விழாக்களில் சரளமாக வரும். மெய்கண்டாரின் சிவஞான போதத்தைத் தெரிந்தவர்கள் ஒரு படி மேலே போய், ‘கண் தானாகக் காணாது, உயிர் உடனிருந்து காட்டினால்தான் காணும், அதுபோல உயிரும் இறைவன் காட்டினால்தான் காணும் என்று பதினோராம் சூத்திரம் சொல்கிறதே, இந்த விளக்கும் அதே வேலையைத்தானே செய்கிறது?’ என்று கேட்கலாம். அழகான ஒப்புமை, ஆனால் முக்கால்தூரம்தான் ஓடும். உரைகாரர்கள் அங்கே காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டைப் பிரிக்கிறார்கள். இறைவன் காட்டுவதோடு நிற்காமல் உயிரோடு ஒன்றி நின்று தானும் காண்கிறான் என்பது கோட்பாடு. விளக்கு காட்டும், காணாது. இன்ன இடம் சிவப்பு என்று கேமராவுக்குப் பதிவாகும். அது ஒருவரின் பேச்சு மையத்துக்கு அருகில் இருக்கிறது என்ற கவலை அதற்குக் கிடையாது. அதே நூலின் ஐந்தாம் சூத்திரம் பொறிகளைப் பற்றிச் சொல்வது கேமராவுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்: பொறிகள் உயிரால் பொருளை அளந்தும் தம்மையும் அறியா, உயிரையும் அறியா. ஆகவே புதிய கருவியை இறைவனின் இடத்தில் வைக்காமல் பொறிகளின் வரிசையில் வைப்பதே சித்தாந்தத்துக்கு உண்மையாக இருப்பது. அங்கே வைத்தால் அதன் சாட்சியை விசாரிக்கும் பொறுப்பு தானாகவே மனிதன் தலையில் விழுகிறது.

திருநின்றவூர்க் கதையையும் இதற்குத் துணைக்கு அழைக்கலாம், பலர் அழைக்கும் விதத்தில் அல்லாமல். சிவனடியார் பூசலார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கல்லடுக்கிக் கோயில் கட்டி முடிக்கிறார். அதே நாளில் காஞ்சியில் அரசன் காடவர்கோன் கட்டிய கற்றளிக்கும் குடமுழுக்கு. நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்துக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்று சிவன் அரசன் கனவில் சொல்கிறார். புலப்படாததை நம்ப வேண்டும் என்று இந்தக் கதையின் கருத்தைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். சேக்கிழார் பாடிய அரசன் நடந்துகொண்ட முறையைப் பாருங்கள். கனவு வந்ததும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. நின்றவூருக்கே கிளம்பி வருகிறான், கோயில் எங்கே என்று கேட்கிறான், அப்படி ஒன்று இங்கே கிடையாது என்று ஊரார் சொன்னதும் பூசலார் யார் என்று தேடி, அவரிடமே போய் விசாரித்து அறிகிறான். கனவு அவனுக்கு அடையாளம். தீர்ப்பை அவன் விசாரித்துத்தான் பெறுகிறான். ஊரார் ‘கண்ணில் படவில்லை, ஆகவே இல்லை’ என்றதையும் அவன் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. திரை ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் ஓர் அறுவை மருத்துவரிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கும் இதுவேதான்.

வினைப்பயன் என்று நோயை ஏற்றுக்கொள்ள வேண்டும், தோண்டித் துருவக் கூடாது என்று சொல்வோரும் உண்டு. இவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. உடலும் கருவிகளும் உலகும் நுகர்ச்சியும் உயிர் தெளிவதற்காக இறைவன் கூட்டித் தந்தவை என்பதுதான் சித்தாந்தம். தந்ததைப் பழுதுபார்ப்பது தந்தவரை அவமதிப்பதாகாது. வீரராகவர் குளத்தில் வெல்லம் கரைப்பதால் யாருக்கும் கெடுதி இல்லை. வெல்லம் கரையும் வரை காத்திருக்கலாம் என்று பயாப்சியைத் தள்ளிப்போடும்போதுதான் கெடுதி. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் வி. சாந்தா 2021இல் காலமாகும் வரை, சீக்கிரம் வாருங்கள் என்ற ஒன்றைத்தான் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். முற்றிய கட்டியுடன் வருகிறவருக்கு எந்த விளக்கும் பெரிதாக உதவாது. விளக்கு எல்லோருக்கும் கிடைக்குமா என்பது வேறு கணக்கு. கேமராவின் விலை பெரிது, ஃபுளோரசின் மலிவு. மலிவான சாயத்தோடும் நீல எல்இடி விளக்கோடும் நிணநீர்க் கணுக்களைத் தேடிப் பார்க்கும் இந்திய மருத்துவர்களின் முயற்சிகள், வெளிநாட்டுக் கருவியின் விளம்பரத்தைவிடச் செவ்வாப்பேட்டைக்கு நெருக்கமானவை.

மிஞ்சுவது ஒரு கேள்வி. கருதலில் பிழை இரண்டு பக்கமும் வரும் என்றால் எந்தப் பிழையை ஏற்பது? ஒளிர்வில் இதற்கு விடை இல்லை. சூலகப் புற்றில், வயிற்றுச் சவ்வில் ஒளிர்ந்த சின்னத் துணுக்கை எடுத்துப் பார்த்து அது வெறும் திசு என்று தெரிந்தால் பெரும்பாலும் இழப்பு சிறிது. நாக்கில் அதே தாராளத்தோடு விளிம்பை அகற்றினால் பேச்சும் விழுங்குவதும் போகும். மூளையில் பேச்சு மையத்தின் அருகே ஒளிரும் சில மில்லிமீட்டர், ஒரு மனிதர் தன் பிள்ளையின் பெயரைச் சொல்ல முடிவதற்கும் முடியாததற்கும் இடையிலான தூரமாக இருக்கலாம். எதை இழக்கத் தயார் என்று சொல்ல உரிமையுள்ளவர் நோயாளி ஒருவரே. நம் ஆஸ்பத்திரிகளிலோ அறுவைக்கு முந்தின நாள் மாலையில் வீட்டுக்காரரிடமோ மூத்த மகனிடமோ கையெழுத்து வாங்கிக்கொள்வதோடு இந்தக் கேள்வி முடிந்துவிடுகிறது. ஒளிர்வு வந்தபிறகு இந்த உரையாடலுக்கு இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும். ‘கட்டி தெரியும், எடுத்துவிடுவோம்’ என்பதற்குப் பதிலாக, ‘ஒளிர்வதில் சிலது கட்டி அல்லாமலும் இருக்கும், ஒளிராததில் சிலது கட்டியாகவும் இருக்கும், நீங்கள் எதை முக்கியமாக நினைக்கிறீர்கள்?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. விழித்த நிலையில் செய்யும் மூளை அறுவையில் இந்தக் கேள்வி மேசையிலேயே கேட்கப்படுகிறது. மண்டையோடு திறந்திருக்க, நோயாளி படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பார். மருத்துவர் ஒவ்வோர் இடமாக மெல்லிய மின்சாரம் தொட்டுப் பார்ப்பார். ஓரிடத்தில் தொட்டதும் பேச்சு நின்றால், அங்கே எவ்வளவு சிவப்பாக ஒளிர்ந்தாலும் கத்தி விலகிவிடும். ஒளிரும் பகுதி இவ்வளவு விடப்பட்டது, காரணம் இது என்று அறுவைக் குறிப்பில் எழுதிவிட்டு மூடுகிறார்கள்.